பிரபுவின் மீனும் பதினோரு திருடர்களும்

"அந்த மீனை எடுத்தது நான்தான். இன்னொரு ஸ்கோன் வச்சுக்கோங்க தம்பி" என்றார் மிஸ் யூனிஸ் பாலிங்கால்.

டிடெக்டிவ் சார்ஜென்ட் லாக்லன் பிரெம்னரின் வாயில் ஏற்கெனவே ஒரு முழு ஸ்கோன் ரொட்டி இருந்தது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவர் திருதிருவென்று விழித்தார். முப்பத்திரண்டு வருடமாகத் துப்புத் துலங்காமல் கிடந்த வழக்கு, எண்பத்து நாலு வயது அம்மாள் ஒருவரின் வீட்டு முன்னறையில், ராஸ்பெரி ஜாமுக்கும் தேநீர்க் கூஜாவுக்கும் நடுவே பொத்தென்று வந்து விழுந்துவிட்டது.

"தோள்ல போட்டுக்கிட்டு மலைப்பாதை வழியா நடந்தேன். என்னா கனம்! நாலு இடத்துல உக்காந்து மூச்சு வாங்கினேன்" என்றார் மிஸ் பாலிங்கால், ஏதோ கடைக்குப் போய் வந்த கதையைச் சொல்வதுபோல.

பிரெம்னர் ஆனந்தத்தோடு பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். நாற்காலி காலி. அதில் உட்கார்ந்திருக்க வேண்டிய கான்ஸ்டபிள் ஐலா, மீன் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான் என்று காரை நகர்த்திவிட்டு வர வெளியே போயிருந்தாள்.

ஆனந்தம் அப்படியே வடிந்துபோனது. ஸ்காட்லாந்தில் ஒரே ஒரு போலீஸ்காரர் காதில் விழுந்த வாக்குமூலம் வாக்குமூலமே இல்லை. கேட்டேன் என்று சொல்ல இரண்டு பேர் வேண்டும். அதனால்தான் அங்கே போலீஸ்காரர்கள் சந்தேகம் பிடித்த தம்பதிகள் மாதிரி எங்கே போனாலும் ஜோடியாகவே போவார்கள். பல நூறு வருடமாக அப்படித்தான். காரை நகர்த்துவதற்கு மட்டும் சட்டத்தில் இடம் வைக்கவில்லை.

ஐலா மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

"மிஸ் பாலிங்கால், இப்ப சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்களேன்" என்றார் பிரெம்னர்.

"எதை?"

"அந்த மீன் விஷயத்தை."

"அதான் சொல்லியாச்சே."

"இவங்க கேக்கலையே!"

"அது அவங்க பாடு. ஒரு தடவை சொன்னா அது உண்மை. ரெண்டு தடவை சொன்னா தம்பட்டம். நான் முப்பத்தோரு வருஷம் தபாலாபீஸ்ல உக்காந்தவ. ஒருத்தர்கிட்டயும் பெருமை பேசினது கிடையாது. ஏம்மா பொண்ணு, நீ சாப்பிடு, இளைச்சுக் கிடக்கியே."

அதற்குமேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தையும் பெயரவில்லை. பிட்கெல்லி என்ற அந்த ஊரில் திருட்டைக்கூட மன்னித்துவிடுவார்கள், பீற்றலை மன்னிக்கமாட்டார்கள் என்பது பிரெம்னருக்குத் தெரியும். ஐலா இரண்டு ஸ்கோன் சாப்பிட்டாள். இருவரும் வெளியே வந்தார்கள்.

பிரெம்னரின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மாவட்டப் போலீஸின் கிடப்பு வழக்குப் பிரிவு என்பது அவரும் ஐலாவும் ஒரு கெட்டிலும்தான். நிலையத்தின் அடித்தளத்தில், வெந்நீர்க் குழாய்கள் ஓடும் அறை. கட்டடத்திலேயே கதகதப்பான அறை அது ஒன்றுதான். பழைய கொலைகளையெல்லாம் தலைநகரத்திலிருந்து வந்த குழு பெட்டி பெட்டியாக அள்ளிக்கொண்டு போய்விட்டது. பிரெம்னருக்கு மிஞ்சியது ஒரே ஒரு வழக்கு, காணாமல்போன மீன்.

அதுவும் லேசுப்பட்ட மீன் இல்லை. கிளென்கார்னி பிரபு 1936-ல் தம் ஆற்றில் பிடித்த சால்மன். நாற்பத்திரண்டு பவுண்டு. அதைப் பாடம்பண்ணிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, ஊர் நடுவில் இருந்த தம் விடுதியின் கூடத்தில் மாட்டினார். மாட்டியதோடு விட்டாரா? தினமும் அதன் கீழே நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் எடையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊர்க்காரர்கள் நாற்பத்து மூன்று வருடம் பொறுத்தார்கள். 1979 ஜூலை, விளையாட்டுத் திருவிழா அன்று பிற்பகல், பக்கத்து ஊரான கார்மில்லோடு கயிறு இழுக்கும் இறுதிப் போட்டியைப் பார்க்க மொத்த ஊரும் மைதானத்தில் கூடியிருந்தபோது, மீன் போய்விட்டது. ஊர் ஒரு வருடம் சிரித்தது. அந்தக் கடற்கரையில் பிரபுவின் ஆற்றிலிருந்து இரவோடு இரவாக ஒரு மீனைக் கொண்டுவந்து குழம்பு வைப்பதைத் திருட்டு என்று பாதிரியார்கூடச் சொல்லமாட்டார். ஆற்றைப் பிரபுவா வெட்டினார் என்பார்கள்.

போன வாரம் சூப்பரின்டென்டென்ட் ஐசோபெல் கார்ஸ்வெல் பிரெம்னரை மாடிக்குக் கூப்பிட்டார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். கண்டுபிடிச்சா சரி. இல்லன்னா பிரிவை மூடறோம். உங்களுக்கு வேற வேலை பாத்து வச்சிருக்கேன்."

வேலை கதவுக்குப் பின்னால் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அது ஓர் ஆளுயர முள்ளெலி வேஷம். பள்ளிக்கூடங்களுக்குப் போய், சாலையை எப்படிக் கடப்பது என்று குழந்தைகளுக்கு ஆடிப்பாடிக் காட்டும் 'முள்ளெலி மாமா'. கடைசியாக அதைப் போட்டுக்கொண்டிருந்த கான்ஸ்டபிள், முட்களைப் பிடித்துக் குழந்தைகள் இழுத்த இழுப்பில் கழுத்துச் சுளுக்கி விடுப்பில் இருந்தான். பிரெம்னருக்கு நாற்பத்தெட்டு வயது. வியர்த்தால் சொறியும் உடம்பு. அதைவிட முக்கியம், அவருக்கு அந்த அடித்தள அறை உயிர். எல்லோரும் மறந்துவிட்ட ஒரு விஷயத்தை ஒருவர் மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டிருப்பதில் ஒரு கௌரவம் இருப்பதாக அவர் நம்பினார். அதை விட்டுவிட்டு முள்ளெலியாகப் போவதை நினைத்தால் அவருக்கு அழுகையே வந்தது.

அதனால்தான் மிஸ் பாலிங்கால் வீட்டிலிருந்து திரும்பிய திங்கட்கிழமை மாலையே மாடிக்கு ஓடினார்.

"மேடம், ஆள் கிடைச்சாச்சு!"

"யாரு?"

"மிஸ் யூனிஸ் பாலிங்கால்."

கார்ஸ்வெல்லின் பேனா நின்றது. அவரும் அதே ஊர்க்காரர்தான். "தபாலாபீஸ் யூனிஸா? அந்தம்மா கவுன்டரை விட்டு எழுந்து ஜன்னலைச் சாத்தவே ஆள் தேடுவாங்க. அவங்களா மீனைத் தூக்கினாங்க?"

"தோள்ல போட்டுத் தூக்கினாங்களாம் மேடம்."

"சரி, யார் யார் கேட்டது?"

"நான்."

"அப்புறம்?"

"நான்தான் மேடம்."

"ஒரு காது காதே இல்ல. போங்க பிரெம்னர்" என்றார் கார்ஸ்வெல். வெளியே வரும்போது முள்ளெலி தம்மைப் பார்த்துச் சிரிப்பதுபோல பிரெம்னருக்குத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை அவர் மூளை வேலை செய்தது. யூனிஸ் அம்மாள் தாமாகச் சொன்னால்தானே தம்பட்டம்? யாராவது 'உன்னால முடியாது' என்று சீண்டினால், பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்? சீண்டுவதற்குப் பொருத்தமான ஆள் பக்கத்து வீட்டிலேயே இருந்தார். வாட்டி கெடஸ், எழுபத்தொன்பது வயது, ஓய்வுபெற்ற படகோட்டி. இருவருக்கும் நடுவில் இருந்த மதில் சுவர் யாருடையது என்று இருபது வருடமாகச் சண்டை.

"அவங்க சொல்றதை நம்பாத மாதிரி பேசணும். அவ்வளவுதான்" என்றார் பிரெம்னர்.

"அது எனக்குக் கஷ்டமே இல்ல. அவ இன்னிக்கு மழை வரும்னு சொன்னாக்கூட நான் குடை எடுக்க மாட்டேன்" என்றார் வாட்டி.

இந்த முறை ஐலா காரே எடுத்து வரவில்லை. நடந்தே வந்தார்கள். தேநீர், ஸ்கோன், கூடவே வெண்ணெய் பிஸ்கட். ஐலா நோட்டுப் புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வாட்டி கால்மேல் கால் போட்டார். "என்ன யூனிஸ், பிரபுவோட மீனை நீ எடுத்தேன்னு போலீஸ்காரர்கிட்ட கதை விட்டியாமே? உன்னால ஒரு நெத்திலியைத் தூக்க முடியுமா?"

மிஸ் பாலிங்காலின் முகம் சிவந்தது. "நெத்திலியா? அந்த மீனை இந்தத் தோள்ல போட்டு நான்தான் தூக்கிட்டுப் போனேன். கேட்டுக்கோ!"

பிரெம்னர் ஐலாவைப் பார்த்தார். ஐலா எழுதிவிட்டாள். இரண்டு ஜோடிக் காது, ஒரு வாக்குமூலம், எல்லாம் சட்டப்படி. பிரெம்னர் கண்ணை மூடி ஆண்டவருக்கு நன்றி சொன்னார். அவர் கண்ணைத் திறப்பதற்குள் வாட்டி எழுந்து நின்றிருந்தார்.

"பச்சைப் பொய்! அந்த மீனை எடுத்தது நான்!"

"வாட்டி ஐயா, சீண்டினது போதும், உக்காருங்க" என்றார் பிரெம்னர்.

"யாரு சீண்டறா? முப்பத்திரண்டு வருஷம் வாயைத் திறக்காம இருந்தேன். இவ பேரைத் தட்டிட்டுப் போறதைப் பாத்துக்கிட்டு இருப்பேனா? படகுல போட்டுத் தீவுப் பக்கம் கொண்டுபோனேன். கனத்துல படகு ஒரு பக்கம் சாஞ்சுபோச்சு. எழுதும்மா, எழுது!"

ஐலா எழுதினாள். வேறு என்ன செய்வாள்?

"மீனைத் தீவுக்குக் கொண்டுபோனானாம்! மதில் சுவரையும் இப்படித்தான் கொண்டுபோகப் பாத்தான்!" என்று மிஸ் பாலிங்கால் பிஸ்கட் தட்டை வாட்டிக்கு எட்டாத இடத்துக்கு நகர்த்தி வைத்தார்.

"ரெண்டு பேரா?" என்றார் கார்ஸ்வெல் மாலையில். குரலில் வழக்கமான எரிச்சலைவிட ஒரு சுற்று அதிகமாகவே இருந்தது. "அந்த வாட்டி கெடஸா? அவருக்குக் கரையில நடந்தாலே தலை சுத்தும். சரி, திருடினவங்களுக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம்னு ஒண்ணு ஃபைல்ல இருக்குமே. அதைக் கேட்டீங்களா?"

பிரெம்னர் நெற்றியில் அடித்துக்கொண்டார். இருந்தது. கண்ணாடிப் பெட்டி உடையவில்லை, மீன் மட்டும்தான் போயிருந்தது. மீன் இருந்த இடத்தில் திருடன் ஒரு மத்தி மீன் டப்பாவை அழகாக நிறுத்தி வைத்துவிட்டுப் போயிருந்தான். பிரபுவின் மானம் கருதி அந்த விவரத்தைப் பத்திரிகைக்குச் சொல்லவே இல்லை. போலீசுக்கும் திருடனுக்கும் மட்டும் தெரியும்.

புதன்கிழமை காலை இருவரையும் தனித்தனியாகக் கேட்டார்கள். முதலில் மிஸ் பாலிங்கால்.

"மீன் இருந்த இடத்துல என்ன வச்சீங்க?"

"மீன் இருந்த இடத்துல மீன் இல்லாத இடம் இருந்துச்சு. வேற என்ன வைக்கணும்?"

அடுத்து வாட்டி.

"வச்சேனா? திருடப் போனவன் வச்சிட்டு வருவானா தம்பி? நான் என்ன கல்யாணத்துக்கா போனேன்?"

பிரெம்னர் விரல்விட்டு எண்ணினார். இன்னும் இரண்டே நாள். கதவுக்குப் பின்னால் தொங்கும் முட்கள் கண்முன் ஆடின. இருபத்தாறு வருட சர்வீஸில் செய்யாத தப்பை அந்த ஒரு நிமிடத்தில் செய்தார்.

"நல்லா யோசிச்சுப் பாருங்க. ஏதாவது, இப்ப உதாரணத்துக்கு, ஒரு மத்தி மீன் டப்பா மாதிரி..."

ஐலாவின் பேனா கீழே விழுந்தது.

வாட்டியின் முகம் மலர்ந்தது. "அட ஆமா! மத்தி மீன் டப்பா! வயசாயிடுச்சு பாருங்க, மறந்தே போச்சு."

"சார்" என்றாள் ஐலா தெருவுக்கு வந்ததும், "நீங்களே சொல்லிக் கொடுத்துட்டீங்களே சார்."

"பரவால்ல ஐலா. நம்ம மூணு பேருக்குள்ளதானே."

"அவர் நேரா ஊரே கூடற பௌலிங் கிளப்புக்குப் போறார் சார்" என்று அவள் கையைக் காட்டினாள். எழுபத்தொன்பது வயது வாட்டி, புல்வெளியை நோக்கி ஏறக்குறைய ஓடிக்கொண்டிருந்தார்.

சாயங்காலத்துக்குள் பலசரக்குக் கடையில் மத்தி மீன் டப்பா தீர்ந்துபோனது. வாங்கியவர்கள் எல்லோரும் சும்மா ஓர் ஆசைக்கு என்றார்களாம். பிரெம்னரைத் தெருவில் பார்த்தவர்கள் கண்ணடித்தார்கள். முடிவெட்டுகிறவர், 'நானும் ஒண்ணு சொல்லணும் சார்ஜென்ட், அவசரமில்ல' என்றார். பிரெம்னர் பாதித் தலையோடு எழுந்து ஓடப் பார்த்தார்.

அன்று மாலை அடித்தள அறையில் அவர் கெட்டிலை வைத்துவிட்டு யோசித்தார். கடைசியில் மேஜையைத் தட்டினார்.

"ஐலா, வழி கிடைச்சாச்சு. நாளைக்குத் தேவாலயக் கூடத்துல ஊரைக் கூட்டறோம். 'நான் எடுக்கவில்லை'ன்னு எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கறோம். யாரு கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்களோ, அவங்கதான் திருடன்."

"எடுக்கலைன்னு எழுதிக் கொடுக்க இந்த ஊர்ல யாரு சார் வருவாங்க? மானம் போயிடாதா?"

"சட்டம்னா பயம் இருக்கும் ஐலா."

"எங்க அம்மாகிட்ட இன்னிக்குக் காலையில பேசினேன் சார். அவங்களே 'அந்த மீனை எடுத்தவங்க யாரா இருந்தாலும் அவங்களுக்கு ஒரு சிலை வைக்கணும்'னாங்க" என்றாள் ஐலா. பிரெம்னர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. வெறும் கையோடு கூடத்துக்குள் வரக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். ஆளுக்கொரு தட்டு. பான்கேக், பழக் கேக், சர்க்கரையைக் காய்ச்சி வெட்டிய டேப்ளட் மிட்டாய். பிரெம்னர் அச்சடித்துக் கொண்டுவந்த 'நான் எடுக்கவில்லை' தாள்களை யாரோ தட்டுகளுக்கு அடியில் விரித்துவிட்டார்கள்.

முதலில் வந்தவர் பெக்கி லம்ஸ்டன் என்ற பெருத்த உடம்புக்காரம்மாள். பக்கத்தில் கணவர் ஈக், தொப்பியைக் கையில் பிடித்தபடி.

"நான்தான் எடுத்தேன். மத்தி மீன் டப்பா வச்சேன். சாட்சி வேணுமாமே, என் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்திருக்கேன். சொல்லுங்க ஈக்."

"அவதான் எடுத்தா" என்றார் ஈக். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா ஏணியைப் பிடிச்சது நான். மீனோட கனத்துல ஏணி வளைஞ்சுபோச்சு. அதுவும் எழுதிக்கணும்" என்றார்.

"ஏணியே இல்ல!" என்றார் பெக்கி.

"அப்ப நீ எப்படி எட்டினே? நாலடி பத்தங்குலம் இருக்கே நீ!"

இருவரையும் தனித்தனித் திருடர்களாகவே பதிவு செய்யவேண்டியதாயிற்று. அடுத்து கசாப்புக் கடை டாம் கில்லஸ்பி. அவர் மீனைத் தலையிலிருந்து வால்வரை வர்ணித்தார். தோள்பட்டை இன்றைக்கும் சரியாகவில்லை என்று சட்டையைக் கழற்றிக் காட்டவும் தயாராக இருந்தார். அவருக்குப் பின்னால் வரிசை கதவைத் தாண்டி நின்றது. வாட்டி கெடஸ் வரிசையின் பக்கத்தில் நடந்துகொண்டே, "பொய்யனுங்க, எல்லாம் பொய்யனுங்க" என்று கேக் தின்றுகொண்டிருந்தார்.

ஐலா திடீரென்று நிமிர்ந்தாள். "மிஸ்டர் கில்லஸ்பி, அன்னிக்குக் கயிறு இழுத்த அணிக்கு நீங்கதானே கேப்டன்? அந்த அணியில இருந்த எட்டுப் பேர்ல அஞ்சு பேர் இப்ப இந்த வரிசையில நிக்கறீங்க. எல்லாரும் மீனை எடுக்கப் போயிட்டா, கார்மில்லை ஜெயிச்சது யாரு?"

டாம் கில்லஸ்பி மீசையைத் தடவினார். "மிச்சம் மூணு பேர்தான் இழுத்தாங்க. அதனாலதான் அந்த ஜெயம் எங்களுக்கு அவ்வளவு பெருமை."

கூடம் கைதட்டியது.

மாலை ஐந்து மணிக்குக் கணக்கெடுத்தபோது மொத்தம் பதினோரு திருடர்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டுக்குக் குறையாத சாட்சி. ஒவ்வொருவருக்கும் மத்தி மீன் டப்பா தெரிந்திருந்தது. ஸ்காட்லாந்துச் சட்டம் கேட்ட அத்தனையும் இருந்தது, பதினோரு மடங்கு இருந்தது. 'நான் எடுக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தவர் ஒரே ஒருவர், பாதிரியார். அவரும் வெட்கத்தோடுதான் கொடுத்தார். நான் இந்த ஊருக்கு வந்தே பதினாறு வருடம்தான் ஆகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்தில் குறிப்பும் எழுதியிருந்தார்.

பிரெம்னர் எல்லாவற்றையும் ஒரு கடிதத்தில் எழுதி அரசு வழக்கறிஞருக்கு அப்போதே ஆள் மூலம் அனுப்பிவிட்டு, தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்தார். ஐலா அவர் முன்னால் ஒரு துண்டு பழக் கேக்கை வைத்தாள்.

"முள்ளெலிக்கு இடுப்பு அளவு என்ன ஐலா?"

"சாப்பிடுங்க சார். எந்த அளவா இருந்தாலும் இந்த வாரம் நாம சாப்பிட்ட சாப்பாட்டுக்கு உள்ள நுழைய முடியாது."

அப்படித்தான் அவருக்கும் பட்டது. அதில் ஒரு சின்ன நம்பிக்கைகூட இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவர் கெட்டிலைக் கழுவித் துடைத்து அட்டைப் பெட்டியில் வைத்தார். பதினாலு வருடமாக அதே மூலையில் இருந்த கெட்டில். சுவர் நாட்காட்டியை எடுத்தார். வெந்நீர்க் குழாயைக் கடைசியாக ஒரு முறை தடவிப் பார்த்தார். மனது பாரமாக இருந்தது, அதை மறைக்கவும் அவர் முயலவில்லை.

படியில் காலடிச் சத்தம். கார்ஸ்வெல் இறங்கி வந்தார். இத்தனை வருடத்தில் அவர் அடித்தளத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஒரு கையில் பதினோரு வாக்குமூலங்களின் கட்டு. இன்னொரு கையில் ஒரு கடிதம்.

"அரசு வழக்கறிஞர் பதில் போட்டிருக்கார்" என்று கடிதத்தைப் பிரித்து, பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார். "'பதினோரு பேர் மீதும் சட்டப்படி போதுமான ஆதாரம் இருக்கிறது. பதினோரு பேரும் குற்றவாளியாக இருக்க முடியாது. ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்து விலக்கும்வரை இந்தப் பிரிவை மூட இயலாது. குறைந்தது மூன்று வருடம் ஆகும் என்று எதிர்பார்க்கிறேன்.' போதுமா?"

பிரெம்னருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண் கலங்கிவிட்டது. மூன்று வருடம்! பதினோரு வீடு, பதினோரு தேநீர்க் கூஜா, மாற்றி மாற்றிக் கேள்வி! அட்டைப் பெட்டியிலிருந்து கெட்டில் தானாகவே அவர் கைக்கு வந்துவிட்டது. ஐலா குதித்தேவிட்டாள்.

"அப்ப முள்ளெலி, மேடம்?" என்றார் பிரெம்னர்.

"வேற யாரையாவது பாத்துக்கறேன்." கார்ஸ்வெல் நகரவில்லை. வாக்குமூலக் கட்டைப் புரட்டிக்கொண்டே நின்றார். ஒவ்வொரு தாளைத் திருப்பும்போதும் முகம் கடுகடுவென்று ஆனது. "ஐலா, போய்ப் பால் வாங்கிட்டு வாங்க."

"பால் இருக்கு மேடம்."

"இன்னும் கொஞ்சம் வாங்கிட்டு வாங்க."

ஐலா போனாள். கார்ஸ்வெல் அவள் படியேறும் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, கதவைச் சாத்தினார்.

"எல்லாத்தையும் ராத்திரி உக்காந்து படிச்சேன் பிரெம்னர். தோள் இறங்கிப் போச்சாம், படகு சாஞ்சுபோச்சாம், ஏணி வளைஞ்சுபோச்சாம். பதினோரு பேரும் கனம் கனம்னு ஒரே பாட்டு."

"ஆமா மேடம். நாப்பத்திரண்டு பவுண்டாச்சே."

"அது ஆத்துல இருந்தப்ப! பாடம் பண்ணின மீனுக்குள்ள வெறும் மரத்தூள்தானே? ஒரு கையில இடுக்கிக்கிட்டு, இன்னொரு கையில சைக்கிள் ஓட்டலாம். ஒருத்தருக்காவது அது தெரிஞ்சிருக்கா? யூனிஸ் பாலிங்கால் நாலு இடத்துல உக்காந்தாங்களாம்! ஊரே இன்னிக்கு அந்தம்மா பேரைச் சொல்லிக் கைதட்டுது. எனக்கு வயிறு எரியுது."

"சைக்கிளா?" என்றார் பிரெம்னர். இந்த விவரம் ஃபைலில் எங்கே இருந்தது என்று மனதுக்குள் பக்கம் பக்கமாகத் தேடிப் பார்த்தார். எங்கேயும் இல்லை. "மேடம், உங்களுக்கு எப்படி இது...?"

கார்ஸ்வெல் சாத்திய கதவை இன்னொரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு டீ குடிக்க வாங்க பிரெம்னர், மாடிக் குளியலறையில மாட்டி வச்சிருக்கேன், நீங்களே தூக்கிப் பாருங்க. ஆனா தனியா வாங்க."